கூடைப்பந்தில் பல திறமை உள்ள இளம் பிக் மேனைத் தாக்குதலில் எப்படி ஆட வைப்பது: முழுமையான வழிகாட்டி

உயரம் இருக்கிறது. டிரிபிள் செய்ய, அதாவது பந்தைத் தரையில் தட்டியபடி நகரத் தெரிகிறது. பாஸ் போடக் கண் இருக்கிறது. வெளியே நின்று எறிந்தால் அவ்வப்போது விழவும் செய்கிறது. இப்படி ஒரு பிக் மேன், அதாவது கூடைக்கு அருகே ஆடும் உயரமான பையன், அணிக்கு வந்துவிட்டால் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். உயரமானவன் என்பதால் கூடைக்கு அடியில் நிறுத்தி, பந்து வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். இல்லையென்றால், எல்லாம் தெரிந்தவன்தானே என்று மேலே, கூடைக்கு நேர் எதிரே தள்ளி, நிற்க வைத்துப் பந்தைக் கையில் கொடுத்து, "நீயே பார்த்து ஆடு" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் வழியில் அவனுக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி வீண். இரண்டாவது வழியில் ஐந்து தற்காப்பாளர்களும் நிதானமாக அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவன் தடுமாறுகிறான், நாலு ஆட்டம் கழித்து மறுபடியும் கூடைக்கு அடியிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

என் கட்சி இதுதான்: பந்து அவன் கைக்கு வரும்போது எதிரணி ஏற்கெனவே எதையோ விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். இரண்டில் ஒன்றைச் சரியாகத் தேர்ந்து பழகியவனுக்கு மூன்று வழிகளைக் கொடுக்கலாம். அதன் பிறகு நான்கு. கீழே உள்ள படிகளின் வரிசை அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது. வரிசையை மாற்றினால் பலன் குறையும்.

படி 1: முதலில் அவனை அளந்து பாருங்கள்

ஆட்டத்தில் எத்தனை புள்ளி எடுத்தான் என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நான்கு விஷயங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கிறானா? நின்ற இடத்தில் எல்லோரும் பிடிப்பார்கள். ரோல் ஓட்டத்தில், அதாவது கூடையை நோக்கி ஓடும்போது, இடுப்பு உயரத்தில் வரும் பாஸைத் தடுமாறாமல் பிடிப்பவன் அபூர்வம். அடுத்து, பிடித்ததும் இரண்டு காலிலும் நிற்க முடிகிறதா? மூன்றாவது, எல்போவிலிருந்து, அதாவது ஃப்ரீ த்ரோ கோடு பெயின்டின் (கூடைக்கு முன்னால் உள்ள செவ்வகத்தின்) ஓரத்தைத் தொடும் அந்த மூலையிலிருந்து, இடது கையாலும் வலது கையாலும் ஒரே ஒரு டிரிபிளில் கூடைக்குப் போக முடிகிறதா?

நான்காவது ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறி. இளம் பிக் மேனின் எறியும் திறனைக் கணிக்க மூன்று புள்ளிச் சதவீதத்தை நம்பாதீர்கள். ஒரு பருவத்தில் முப்பது எறிந்து பன்னிரண்டு விழுந்தால் 40 சதவீதம், ஒன்பது விழுந்தால் 30 சதவீதம். வித்தியாசம் மூன்றே மூன்று எறிகள்தான், அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஃப்ரீ த்ரோ எப்போதும் ஒரே தூரம், எதிரே கை நீட்ட யாரும் இல்லை. 75 சதவீதத்துக்கு மேல் போடுகிறான் என்றால் கை நன்றாக இருக்கிறது, தூரம் பின்னால் வரும். 50 சதவீதம் என்றால், ஐந்தாவது படியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவையுங்கள்.

படி 2: அவன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

பலரும் அலட்சியமாக விடும் படி இது. அவனுடைய ஆட்டத்தைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது உடன் ஆடும் இன்னொரு உயரமான ஆட்டக்காரர்தான்.

நிக்கோலா யோக்கிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் என்பிஏ லீக் அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014இல் 41ஆவது இடத்தில் வந்தவர். 2016-17 பருவத்தின் தொடக்கத்தில் டென்வர் அணி அவரையும் யூசுப் நுர்கிச்சையும் சேர்த்தே இறக்கியது. இருவரும் சென்டர், அதாவது கூடைக்கு அருகே ஆடும் முதன்மைப் பிக் மேன். இருவருக்கும் வேண்டியது ஒரே இடம். பெயின்டின் அகலமே 4.9 மீட்டர்தான். அதில் இரண்டு பெரிய உடம்புகளும் அவர்களைக் காக்கும் இரண்டு பெரிய உடம்புகளும் நின்றால் யார் எங்கே வெட்டி ஓடுவது? 2016 டிசம்பரில் யோக்கிச்சை மட்டும் சென்டராக வைத்து, சுற்றிலும் எறியத் தெரிந்தவர்களை நிறுத்தினார்கள். அதன் பிறகு டென்வரின் தாக்குதல் லீக்கின் முன்வரிசைக்கு வந்தது. 2017 பிப்ரவரியில் நுர்கிச் போர்ட்லாந்துக்குப் போய்விட்டார். யோக்கிச் ஒரு மாதத்தில் புதிதாக எந்த வித்தையும் கற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு முன்னால் இடம் காலியானது, அவ்வளவுதான்.

மில்வாக்கியிலும் இதே கதை. 2018இல் மைக் புடன்ஹோல்சர் பயிற்சியாளராக வந்தார், சென்டராக புரூக் லோபஸ் வந்தார். லோபஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றதும் யானிஸ் அன்டெடோகும்போவுக்குக் கூடைவரை பாதை திறந்தது. 2019, 2020 இரண்டு வருஷமும் எம்விபி, அதாவது லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், யானிஸ்தான்.

அப்படியென்றால் இரண்டு பிக் மேன்கள் சேர்ந்து ஆடவே முடியாதா? முடியும். கிளீவ்லாந்தில் இவான் மோப்லியும் ஜாரெட் ஆலனும் ஆடுகிறார்கள். 2024-25இல் கென்னி அட்கின்சன் பொறுப்பேற்ற முதல் பருவத்திலேயே அந்த அணி 64 ஆட்டங்களை வென்றது. மோப்லியின் மூன்று புள்ளி முயற்சிகள் ஆட்டத்துக்கு ஒன்று சொச்சத்திலிருந்து மூன்றுக்கு மேல் போயின. பந்தும் அவர் கையில் அதிகம் இருந்தது. இதற்கு ஒரு விதி போதும்: இருவரும் ஒரே உயரத்தில் நிற்கக் கூடாது. ஒருவர் எல்போவிலோ மேலேயோ இருந்தால், மற்றவர் பேஸ்லைனை (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக் கோட்டை) ஒட்டி, பெயின்டுக்கு ஒரு அடி வெளியே, அதுவும் பந்து இல்லாத பக்கத்தில். அந்த இடத்தை டங்கர் ஸ்பாட் என்பார்கள். அங்கே உங்கள் இளம் ஆட்டக்காரனை நிறுத்தாதீர்கள். பாஸ் போடத் தெரியாத மற்றவரை அங்கே அனுப்புங்கள்.

படி 3: ஸ்கிரீனும் ரோலும், முக்கியமாக ஷார்ட் ரோல்

தொடங்க வேண்டிய இடம் இதுதான். இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். இங்கே கார்டின், அதாவது ஆட்டத்தை நடத்தும் குட்டையான ஆட்டக்காரரின், கையில் பந்து இருக்கிறது, முதல் சிக்கலை உண்டாக்குவது அவர் பொறுப்பு. பையன் இரண்டாவது முடிவை மட்டும் எடுத்தால் போதும்.

ஸ்கிரீனிலிருந்து, அதாவது கார்டைக் காக்கும் தற்காப்பாளரின் வழியை உடம்பால் மறிப்பதிலிருந்து ஆரம்பிப்போம். முதுகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் வேலையே இருக்கிறது: கார்ட் எங்கே போக வேண்டுமோ அந்த இடத்தை முதுகு பார்க்க வேண்டும். கால்கள் தோளைவிடச் சற்று அகலம், கைகள் உடம்போடு. உடம்பு மோதும்வரை அசையக் கூடாது, அசைந்தால் ஃபவுல். மோதிய உடனே பந்தைப் பார்த்தபடியே திரும்பி ஓட வேண்டும். இளம் ஆட்டக்காரர்கள் மோதாமலே ஓடிவிடுவார்கள். வேகமாக இருப்பது போலத் தெரியும், ஆனால் கார்டுக்கு ஒரு அங்குல இடமும் கிடைத்திருக்காது.

அடுத்து, எதிரணி என்ன செய்கிறது என்று படிக்கப் பழக்குங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் செய்வார்கள்.

எதிரணிச் சென்டர் பின்வாங்கிக் கூடையைக் காத்து நின்றால், அது டிராப். கூடைவரை ஓடினால் நேராக அவர் மடியில் போய் விழுவான். ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கத்தில் நின்று ஃப்ளோட்டர் (தற்காப்பாளரின் கைக்கு மேலே மிதக்கவிடும் எறி) போடலாம், அல்லது வெளியே விலகி எறியலாம். எறியும் கை இன்னும் தயாராகவில்லை என்றால், திரும்பி வந்து இன்னொரு பக்கத்திலிருந்து மறுபடி ஸ்கிரீன் போடட்டும். டிராப்பில் நிற்கும் சென்டர் ஒவ்வொரு முறையும் கோணத்தை மாற்றியாக வேண்டும், எங்காவது ஒரு தடவை தவறுவார்.

ஆளை மாற்றிக்கொண்டால், அது ஸ்விட்ச். இப்போது அவன் மேல் ஒரு குட்டையான கார்ட். நேராக உள்ளே ஓடி, கார்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கை நீட்ட வேண்டும். ஸ்விட்ச் வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால் ஸ்கிரீனைத் தொடாமலே நழுவி ஓடலாம். வழக்கமாக மோத வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

இருவரும் சேர்ந்து கார்டை நெருக்கினால், அது பொறி (trap), மேலே சொன்ன டிராப்புக்கு (drop) நேர் எதிர். பையனின் பல திறமைக்கும் விலை கிடைக்கும் இடம் இதுதான். பந்தின் மேல் இரண்டு பேர் போய்விட்டதால் பின்னால் நான்குக்கு மூன்று. கூடைவரை ஓடாமல் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று பந்தை வாங்குவதுதான் ஷார்ட் ரோல். கோல்டன் ஸ்டேட்டில் ஸ்டெஃபன் கரியை இருவர் நெருக்கும்போதெல்லாம் டிரேமண்ட் கிரீன் செய்துகாட்டியது இதைத்தான். கிரீன் உயரமானவரும் இல்லை, பெரிய எறிகாரரும் இல்லை. 2012 டிராஃப்டில் 35ஆவதாக வந்தவர். அந்த இடத்தில் பந்தை வாங்கி ஒரு நொடிக்குள் சரியான ஆளுக்குக் கொடுத்தே நான்கு பட்டங்களில் பங்கு பெற்றார்.

அந்த ஒரு நொடியைப் பிரித்துப் பார்ப்போம். பந்து கைக்கு வருமுன்பே தலை கூடைப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பிடிக்கும்போது இரண்டு காலும் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும். அப்போதுதான் எந்தக் காலையும் அச்சாக வைக்கலாம். கண் முதலில் தேட வேண்டியது கூடையை அல்ல, கூடைக்குப் பக்கத்தில் கடைசியாக நிற்கும் தற்காப்பாளரை. அவர் முன்னேறி வந்தால், அவர் விட்டுவந்த ஆளுக்கு லாப் (உயரே தூக்கிப் போடும் பாஸ்) அல்லது தரையில் தட்டிக் கொடுக்கும் பாஸ். அவர் நகராமல் நின்றால் ஒரு டிரிபிள், மேலே போய்ப் போட வேண்டியதுதான். அந்த டிரிபிளின்போது கார்னரில், அதாவது பேஸ்லைனும் பக்கக் கோடும் சேரும் மூலையில், நிற்பவரின் தற்காப்பாளர் உள்ளே சரிந்தால் கார்னருக்குப் பாஸ். தலைக்கு மேலிருந்து இரண்டு கையால் எறியும் பாஸை இங்கே தவிர்க்கச் சொல்லுங்கள். பந்தைத் தூக்கும் நேரத்திலேயே தற்காப்பாளர் பாதி தூரம் திரும்பிப் போய்விடுவார். டிரிபிளிலிருந்து ஒற்றைக் கையால் நேராகத் தள்ளும் பாஸ்தான் வேகம்.

பயிற்சி எளிது. இரண்டு கார்னரிலும் எறிபவர்கள், டங்கர் ஸ்பாட்டில் ஒருவர், கோட்டில் நம் பையன். எதிரே மூன்று பேர். யார் முன்னேறி வர வேண்டும் என்பதை நீங்கள் தற்காப்பாளர்களுக்கு மட்டும் விரல் காட்டிச் சொல்லுங்கள். பையன் ஒரே டிரிபிளுக்குள் முடிவெடுக்க வேண்டும். எறி விழுந்ததா என்று பார்க்காதீர்கள். சரியான ஆளுக்குப் பந்து போனதா என்று மட்டும் பாருங்கள்.

படி 4: எல்போவும் ஹேண்ட் ஆஃபும்

ஷார்ட் ரோலில் பத்துக்கு ஏழு தடவை சரியாகத் தேர்கிறான் என்றால், இனி ஆட்டத்தை அவனிடமிருந்தே தொடங்கலாம். எல்போவில் பந்தைக் கொடுங்கள், கார்ட் அவனை நோக்கி ஓடி வந்து கையிலிருந்து கைக்குப் பந்தை வாங்கட்டும். இதுதான் ஹேண்ட் ஆஃப்.

ஹேண்ட் ஆஃபுக்கு நல்ல உதாரணம் 2019-20 மயாமி. பாம் அடெபாயோ பந்தோடு நிற்பார், டங்கன் ராபின்சன் அவரைச் சுற்றி ஓடுவார். அந்தப் பருவத்தில் ராபின்சன் 270 மூன்று புள்ளிகள் போட்டார். அடெபாயோவின் அசிஸ்ட் (உடனே புள்ளியாக மாறும் பாஸ்) ஆட்டத்துக்கு ஐந்தைத் தாண்டியது. 2017இல் கல்லூரியிலிருந்து வந்தபோது அடெபாயோவைப் பெரும்பாலோர் குதித்து டங்க் அடிக்கும் சென்டராகத்தான் பார்த்தார்கள்.

பையன் கவனிக்க வேண்டியது ஒரே ஆளை: ஓடி வரும் கார்டின் தற்காப்பாளர். அவர் பின்னாலேயே துரத்தி வந்தால் பந்தைக் கொடுத்துவிட்டு உடம்பால் மறைத்து, உடனே ரோல் ஓட வேண்டும். அவர் முன்கூட்டியே நடுவில் புகுந்து தடுத்தால் கார்ட் பின்பக்கமாகக் கூடைக்கு வெட்டுவார், தரைப் பாஸ். இருவரும் கார்ட் மேலேயே கண்ணாக இருந்தால் கொடுப்பது போல் காட்டி, பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு உள்ளே போகலாம். இந்த மூன்றாவதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். அவன் ஒருபோதும் தானே வைத்துக்கொள்ள மாட்டான் என்று தெரிந்துவிட்டால் எதிரணிச் சென்டர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

பந்தைக் கொடுத்த பிறகு இடுப்பைத் தள்ளி மறைத்தால் நடுவர் விசில் ஊதுவார். கொடுக்கும்போதே அகலமாகக் கால் ஊன்றி நிற்கப் பழக்குவது ஒன்றுதான் வழி.

படி 5: மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று புள்ளி எறி மூன்றில் ஒன்று விழுந்தால், பாதிக்குப் பாதி விழும் இரண்டு புள்ளி எறிக்குச் சமம். அதைவிட முக்கியம், அவன் எறிவான் என்ற பயத்தில் எதிரணிச் சென்டர் கூடையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். ஆகவே நான் சதவீதத்தைவிடத் தயக்கத்தைத்தான் கவனிப்பேன். காலியாக நின்று பந்தை வாங்கி, ஒரு கணம் யோசித்து, அப்புறம் எறிபவனை யாரும் காக்க வேண்டியதில்லை.

இதற்கு வயது தடையில்லை. புரூக் லோபஸ் முதல் எட்டுப் பருவங்களில் மொத்தம் 31 மூன்று புள்ளிகளே எறிந்தார், விழுந்தது மூன்று. ஒன்பதாவது பருவமான 2016-17இல் மட்டும் 387 எறிந்து 134 போட்டார்.

எங்கே நின்று எறிவது? கார்னரிலிருந்துதான் தூரம் குறைவு: சர்வதேச ஃபிபா அளவு மைதானத்தில் அங்கே கோடு 6.60 மீட்டர், மற்ற இடங்களில் 6.75. ஆனாலும் இப்படிப்பட்ட பையனைக் கார்னரில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. அங்கிருந்து ஸ்கிரீன் போட முடியாது, ஹேண்ட் ஆஃப் இல்லை, பாஸ் போட ஒரே ஒரு பக்கம்தான். மேலே நடுவில் நிற்கட்டும். வேகமான ஆட்டத்தில் கடைசியாக ஓடி வந்து நடுவில் பந்தை வாங்கி எறியலாம். எறி இல்லையென்றால் பக்கத்துக் கார்டிடம் ஹேண்ட் ஆஃபுக்குப் போய்விடலாம். ஒரே இடத்திலிருந்து இரண்டு ஆட்டம்.

படி 6: ரீபவுண்டிலிருந்து நேராக ஓட்டம்

தற்காப்பு ரீபவுண்டை, அதாவது எதிரணி எறிந்து விழாமல் திரும்பும் பந்தை, எடுத்ததும் கார்டைத் தேடி நிற்காமல் தானே டிரிபிள் செய்துகொண்டு போகட்டும். இரண்டு கார்டுகளும் பக்கவாட்டுக் கோடுகளை ஒட்டி முன்னால் ஓட வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டும்போது யாரும் அவன் முன் நிற்கவில்லை என்றால் கூடைவரை போகலாம். நின்றால், அருகில் உள்ள கார்டிடம் ஹேண்ட் ஆஃப். கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு டிரிபிள் செய்யத் தொடங்கினால் அந்த ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி, தலையை நிமிர்த்தச் சொல்லுங்கள். இதற்கு மேல் இந்தப் படியில் சொல்ல எதுவும் இல்லை.

படி 7: போஸ்ட், கடைசியாக

கூடைக்கு முதுகு காட்டி நின்று பந்தைக் கேட்கும் பழைய போஸ்ட் ஆட்டத்தை முதலில் சொல்லிக்கொடுப்பதுதான் வழக்கம். நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே எதிரணி இன்னும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் வலுவாலேயே வாங்க வேண்டும். பதினெட்டு வயதுப் பையனுக்கு இருபத்தெட்டு வயது ஆளை முதுகால் தள்ளும் வலு இருக்காது. அவன் தள்ளித் தள்ளிக் களைத்துப்போவதுதான் மிச்சம்.

ஆகவே போஸ்டில் இரண்டு தருணங்களை மட்டும் அனுமதியுங்கள். ஒன்று, ஸ்விட்சில் குட்டையான ஆள் மாட்டியபோது. அதுவும் பெயின்டுக்குள் ஒரு கால் இருக்கும் ஆழத்தில் பந்து வந்தால் மட்டும். பெயின்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி இருப்பதால் இடம் பிடித்த உடனே பாஸ் வந்துவிட வேண்டும். வரவில்லையா, வெளியே வந்துவிடட்டும். இரண்டு, பாஸ் போடும் இடமாக. போஸ்டில் பந்து போனதும் கொடுத்தவரும் பக்கத்தில் இருப்பவரும் ஒருவருக்கொருவர் ஸ்கிரீன் போட்டு வெட்டி ஓட வேண்டும். ஹூஸ்டனில் அல்பெரன் ஷெங்குனை இப்படிப் பார்க்கலாம். 2024-25இல் யோக்கிச் ஆட்டத்துக்குப் பத்து அசிஸ்டுக்கு மேல் எடுத்ததிலும் போஸ்டிலிருந்து போன பாஸ்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

படி 8: கார்ட் ஸ்கிரீன் போட, பிக் மேன் பந்தோடு

மேலே உள்ளதெல்லாம் பழகிய பிறகு, தலைகீழ் பிக் அண்ட் ரோல் (pick and roll), அதாவது மூன்றாவது படியின் ஸ்கிரீனும் ரோலும் ஆள் மாறி. எறியத் தெரிந்த கார்டை ஸ்கிரீன் போட அனுப்புங்கள். எதிரணிச் சென்டருக்கு ஸ்கிரீனைத் தாண்டி ஓடும் பழக்கமே இருக்காது. ஸ்விட்ச் செய்தால் எதிரணிக் கார்ட் மாட்டுவார், செய்யாவிட்டால் பாதை திறக்கும். ஆட்டத்துக்கு நாலைந்து தடவை போதும். அதிகமானால் கார்டுகள் வேடிக்கை பார்க்கத் தொடங்குவார்கள்.

படி 9: ஆட்ட நேரத்தைப் பிரிப்பதும் கணக்கு வைப்பதும்

முதல் ஐவரோடு ஆடும்போது அவன் ஷார்ட் ரோல், டிரெய்லர் எறி (கடைசியாக ஓடி வந்து நடுவிலிருந்து எறிவது) ஆகியவற்றோடு நிற்கட்டும். பந்து முக்கியக் கார்டின் கையில்தான் இருக்கும். முக்கியக் கார்ட் ஓய்வெடுக்கும் அந்த நாலைந்து நிமிஷம் அவனுடையது. அப்போது எல்போவைச் சுற்றியே ஆட்டம் நடக்கட்டும், எதிரணியிலும் மாற்று ஆட்டக்காரர்கள்தான் இருப்பார்கள். தாக்குதலில் இவ்வளவு சுமை ஏற்றும்போது, தற்காப்பில் எதிரணியின் மிகப் பருமனான ஆளையும் அவன் தலையிலேயே கட்டாதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் புள்ளிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு வீடியோவில் மூன்றை எண்ணுங்கள். எத்தனை முறை எல்போ அல்லது ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தைத் தொட்டான்? அவற்றில் எத்தனை முறை ஒரு டிரிபிளுக்குள் முடிவெடுத்தான்? அவன் பாஸ் கொடுத்த ஆள் உடனே கொடுத்த அடுத்த பாஸில் எத்தனை எறி கிடைத்தது? இந்த மூன்றாவது எண் எந்த அதிகாரப்பூர்வத் தாளிலும் அவன் பெயரில் வராது, ஆகவே நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

டர்ன்ஓவர்களையும், அதாவது எறியாமலே பந்தை எதிரணியிடம் இழந்தவற்றையும், இரண்டாகப் பிரியுங்கள். சரியான ஆளுக்குப் போட்டு, பாஸ் சற்றுத் தள்ளிப் போனது ஒரு வகை. அதைத் திட்டாதீர்கள், கை பழகினால் சரியாகிவிடும். மூன்று நொடி பந்தைப் பிடித்து வைத்திருந்து, இருவர் வந்து சூழ்ந்த பிறகு இழந்தது இன்னொரு வகை. அது அதிகமாக இருந்தால் அவனை ஒரு படி கீழே இறக்கி, இரண்டு வாரம் மூன்றாவது படியின் நான்குக்கு மூன்று பயிற்சியை மட்டும் கொடுங்கள்.